திருகாணி மேல் ஊதாப் பொட்டு

பிப்ரவரி 11
கப்பலிலிருந்து

பூதக்கண்ணாடிக்கு,

இந்தக் கடிதத்தை உன் பட்டறை மேலாளருக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். அதுதான் முறை. உனக்கு எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வேலை விஷயம் மட்டும். நலம் விசாரிப்பெல்லாம் இதில் இருக்காது.

நீங்கள் செய்து அனுப்பிய ஜாயின்ட் எங்கள் படத்தை விழுங்குகிறது.

புகார் எழுதினால் ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வதுபோல் ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டும் என்பது எங்கள் இன்ஜின் ரூம் சீஃபின் கட்டளை. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். கடலுக்கடியில் கேமரா வண்டி ஒன்று போகிறது. மேலே ஒரு சிறிய அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அதை ஓட்டுகிறேன். வண்டி பார்ப்பதெல்லாம் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழைகளில் ஒளியாக ஏறி வருகிறது. அந்தக் கேபிள் ஆள் உயர உருளை ஒன்றில் சுற்றியிருக்கிறது. உருளை சுழல்கிறது, என் அறை சுழலவில்லை. சுழல்கிற இழையிலிருந்து நிற்கிற இழைக்கு ஒளியைக் கைமாற்றிக் கொடுப்பதற்காக உருளையின் அச்சு முனையில் உங்கள் ஜாயின்ட் இருக்கிறது. அது கொடுக்க மறுக்கிறது. மொத்தமாக அல்ல. கண் சிமிட்டுகிற மாதிரி, படம் போகிறது, வருகிறது. பாறைக்குப் பக்கத்தில் வண்டியை நகர்த்தும்போது ஒரு சிமிட்டல் போதும், முட்டிக்கொள்ள.

நாங்கள் பார்ப்பது ஒரு தீவு நகரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகிற கடலடிக் கேபிளை. காற்று மாறுவதற்குள் முழு நீளத்தையும் பார்த்து முடிக்க வேண்டும். ஆழமான கடைசிப் பகுதிதான் மிச்சம். பழைய ஜாயின்டில் ஒரே இழை, ஒரே கேமரா. ஆறு இழை உள்ளது வேண்டும், உங்கள் பட்டறையில்தான் வாங்க வேண்டும் என்று கேப்டனிடம் மன்றாடியவள் நான். "இன்னொரு தடவை படம் போச்சுன்னா பழசையே மாட்டிருவோம்" என்று சொல்லிவிட்டார். மாட்டினால் என் பேச்சுக்கு இந்தக் கப்பலில் அதோடு மரியாதை முடிந்தது.

இது போதாதென்று சீஃப் சாப்பாட்டு மேசையில் கேட்கிறார்: "உங்க சொந்தக்காரங்க கடையாமே, மேடம்?" இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

உனக்கு எழுதும் காரணம் இதுதான். மாட்டிய அன்றே மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தேன். திருகாணி நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று பட்டறைகளில் அதன் தலையில் சிவப்புப் பெயிண்ட் வைப்பார்கள். இதில் ஊதா. அந்த ஊதா இப்போது எந்தக் கடையிலும் இல்லை. தேடிப் பார்த்தவள் சொல்கிறேன். குளியலறை அலமாரியில் நான் விட்டுவிட்டு வந்த நெயில் பாலிஷ் அது. ஆக, இதைச் செய்த கை உன்னுடையது.

என்ன செய்யலாம் சொல். இங்கே தனிப்பட்ட கடிதமெல்லாம் சரக்குப் படகில்தான் போகும், வரும். சீக்கிரம் எழுது.

வண்டி ஓட்டுகிறவள்

*

பிப்ரவரி 19

மேலே ஒரு வரி காலியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேறு தாளில் பலமுறை எழுதி அடித்துவிட்டு, இந்தத் தாளில் அப்படியே விட்டுவிட்டேன். நீங்களும் அண்ணனும் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இனி உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட அறையில் அதற்கென்று ஒரு காகிதமும் இல்லையாம். 'மேடம்' என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. பழைய சொல்லை எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வேலை விஷயம்.

அந்த ஜாயின்ட் நான் தனியாகச் செய்த முதல் ஆறிழை. இங்கிருந்து போகும்போது நன்றாக இருந்தது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. (கொஞ்சம் கோபம் இருந்தது. கடிதம் வந்த அன்று ஒரு லென்ஸைக்கூடத் தொடவில்லை. கை நடுங்கினால் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும்.)

லென்ஸ் ஒட்டுவதில் ஒரு சபலம் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒளி மிக அதிகமாகத் தெரிகிற இடத்தில் பசையை வைத்துவிடலாம். மீட்டரில் அழகான எண் வரும். ஆனால் சுற்ற ஆரம்பித்ததும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். புதிதாக வருகிற எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். நான் ஒட்டுவதற்கு முன் சுற்றுவேன். கொஞ்சம் நகர்த்துவேன், மறுபடி சுற்றுவேன். உச்சம் கொஞ்சம் குறைந்தாலும் சுற்று முழுக்க ஒரே அளவாக வருகிற இடம் ஒன்று இருக்கும். அது கிடைக்கிற வரை நான் யாரிடமும் பேசமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். "வந்துருச்சா?" என்று நீங்கள் மட்டும்தான் சரியாகக் கேட்பீர்கள்.

பட்டகத்தைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நான் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டதே அதனால்தான். சுழல்கிற பக்கத்திலிருந்து ஆறு ஒளிக்கதிர்கள் ஒரு வளையமாகப் புறப்படுகின்றன, ராட்டினத்தில் உட்கார்ந்த ஆறு பேர் மாதிரி. எதிரே, வாங்கிக்கொள்ள வேண்டிய ஆறு லென்ஸும் அசையாமல் நிற்கின்றன. ராட்டினத்தில் சுற்றுகிறவர் நிற்கிறவர் கையில் எப்படி ஒன்றைக் கொடுப்பது? நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டகத்தை, அதாவது ப்ரிஸத்தை வைத்து, பல்சக்கரங்களால் அதை உருளையின் பாதி வேகத்தில் சுற்றுகிறோம். அவ்வளவுதான். அதன் வழியாகப் பார்த்தால் ராட்டினம் நின்றுவிடுகிறது. ஆறு பேரும் அவரவர் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதுவும் எதையும் தொடுவதில்லை. தொடாததால் தேய்வதுமில்லை. முதல்முறை அதைப் பார்த்தபோது, நான் அதுவரை படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு மரியாதையான ஏற்பாட்டைப் படித்ததில்லை என்று தோன்றியது.

இந்தப் பாதி வேகம்தான் நமக்கு இப்போது உதவப் போகிறது. உருளை இரண்டு சுற்று சுற்றினால் பட்டகம் ஒரு சுற்று முடிக்கும். பட்டகத்தில் கோளாறு என்றால், அதாவது என் கையில் கோளாறு என்றால், சிமிட்டல் உருளையின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும். ஒவ்வொரு சுற்றிலும் வந்தால் கோளாறு வேறெங்கோ. உருளையின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். படம் போகும் நேரத்தில் கோடு எங்கே இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலுமா, ஒன்று விட்டு ஒன்றிலா என்று பாருங்கள். பாரம் இல்லாமல் சுற்றும்போதும் வருகிறதா என்றும் பாருங்கள். என் பக்கம் தப்பென்றால் இங்கிருந்தே அடுத்ததைக் கட்டி அனுப்புகிறேன்.

வேலை விஷயம் மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்று கேட்க வேண்டும். அண்ணனோடு சண்டை, சரி. 'கடலா, நானா' என்று அவன் கேட்டது தப்பு, அதை அவனிடமே சொன்னேன். நான் எப்போது உங்களோடு சண்டை போட்டேன்? போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்களே.

பூதக்கண்ணாடி

*

மார்ச் 2

பூதக்கண்ணாடி,

முதலில் தீர்ப்பு: உன் பட்டகம் நிரபராதி.

சாக்பீஸ் கோடு போடப் போனபோது உருளையைச் சுற்றும் வின்ச்சை ஓட்டுகிறவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னங்க, உருளைக்குப் பொட்டு வெக்கிறீங்க?"

"படம் போனதும் நான் உள்ளேர்ந்து கத்துவேன். கோடு எங்க இருக்குன்னு நீங்க பதிலுக்குக் கத்துங்க."

"வீட்ல கத்தாதீங்கன்னு சொல்றாங்க, இங்க கத்துங்கன்னு சொல்றீங்க. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு."

காலை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். "போச்சு!" "மேல!" "போச்சு!" "மேல!" சமையல்காரர் யாரோ கடலில் விழுந்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல், கோடு உச்சிக்கு வரும்போது படம் போகிறது. ஒன்று விட்டு ஒன்று அல்ல. இன்னொன்றும் தெரிந்தது. வண்டி மேலாக இருக்கும்போது ஒன்றுமே இல்லை. ஆழத்தில், கேபிள் நிறைய வெளியே போய்த் தொங்கும்போதுதான் வருகிறது. நான்கு வருஷமாக இங்கே நான் தினமும் பார்க்கிற உருளைதான். அது என்ன சொல்கிறது என்று கேட்க, கரையில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிற உனக்குத்தான் தோன்றியிருக்கிறது. அதை சீஃபிடமும் சொன்னேன். "அப்ப குத்தம் யாருது?" என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை.

நான் அதைக் கண்ணும் கருத்துமாகத்தான் வைத்திருக்கிறேன். வந்த அன்றே நானே மாட்டினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. ஜாயின்டின் உடம்பு சுற்றாமல் இருக்க அதன் பக்கவாட்டில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பிடிக்கும் கவட்டை மாதிரி இரும்பு, அது அளவில் தளர்வாக இருந்தது. கப்பல் அசைந்தால் முளை கடகடவென்று ஆடும். ஊதாப் பொட்டைப் பார்த்த பிறகு அதை அப்படி ஆட விட மனசு கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு சீவி வைத்து, மேலே பட்டி போட்டு இறுக்கிவிட்டேன். இப்போது மலை மாதிரி நிற்கிறது. அதனால் ஆட்டத்தால் வரும் கோளாறு என்று யோசிக்க வேண்டாம்.

நீ கேட்டதற்குப் பதில். சொல்லாமல் போகவில்லை. உன் அறைக் கதவைத் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடி தட்டினேன். நீ திறக்கவில்லை. சாமான் வண்டி முன் தெருவுக்குள் நுழையாததால் பின் சந்தில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. உன் அண்ணன் கூடத்தில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்விட்டேன். நீ அவர் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை அண்ணன் பக்கம் நிற்பதில் தப்பில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் வலித்தது.

கேப்டன் இருபத்தொன்றாம் தேதிக்குள் கடைசிப் பகுதிக்கு இறங்கியாக வேண்டும் என்கிறார். அதற்கு முன் ஒரு படகு வரும். அதில் உன் பதில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழையதை மாட்டுவார்கள்.

வண்டி ஓட்டுகிறவள்

*

மார்ச் 9

மறுபடியும் காலி. ஆனால் இந்த முறை அடித்தல் இல்லை.

உங்கள் கடிதத்தை மைக்ரோஸ்கோப் மேசையிலேயே படித்தேன். 'மலை மாதிரி நிற்கிறது' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை அக்கா, "என்னடி, லவ் லெட்டரா?" என்றார். "கிட்டத்தட்ட" என்றேன். மதியத்துக்குள் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. அது உங்கள் கணக்கில்.

தயவுசெய்து அந்தப் பித்தளைத் தகடுகளைக் கழற்றி எறிந்துவிடுங்கள். பட்டியையும்தான்.

முளை ஆட வேண்டும். அதற்காகத்தான் கவட்டையைத் தளர்வாகச் செய்கிறோம். உருளை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். ஆழத்தில் தொங்கும் கேபிள் அதைக் கீழே இழுக்கும்போது அச்சு கொஞ்சம் வளையும், கோணும். முடியின் தடிமன்கூட இருக்காது, ஆனால் எங்களுக்கு அது பெரிய தூரம். உருளையோடு சேர்ந்து ஜாயின்டின் உடம்பும் லேசாகச் சாய்ந்து கொடுக்க வேண்டும். சுற்றக் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி அதன் போக்கில் விட வேண்டும். நீங்கள் உடம்பை மலையாக்கிவிட்டீர்கள். அச்சு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கோணும்போது உள்ளே இரண்டு பக்கத்து லென்ஸும் முகம் திருப்பிக்கொள்கின்றன. அதுதான் உங்கள் சிமிட்டல்.

இது உங்கள் தவறு மட்டுமல்ல. நாங்கள் அனுப்பிய வரைபடத்தில் கவட்டை தளர்வாக வரைந்திருக்கிறது, ஏன் என்று ஒரு வரி இல்லை. ஆடுகிற பொருளைப் பார்த்தால் நல்ல வேலைக்காரர் யாராக இருந்தாலும் இறுக்கத்தான் செய்வார்கள். அக்கறை இல்லாதவர் மாட்டியிருந்தால் இந்தக் கோளாறே வந்திருக்காது. மேலாளரிடம் சொல்லி, இனி கவட்டையிலேயே 'இறுக்காதீர்கள்' என்று பொறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு பயம். இத்தனை நாள் நெரிபட்டதில் உள்ளே பேரிங் அடிபட்டிருக்கலாம். தகட்டை எடுத்தபின் உருளையை மெதுவாகச் சுற்றச் சொல்லி முளையை இரண்டு விரலால் தொட்டுப் பாருங்கள். கரகரவென்று உணர்ந்தால் போச்சு, பழையதையே மாட்டுங்கள், நான் புதிதாகச் செய்கிறேன். ஒன்றும் தெரியாவிட்டால் பிழைத்தது. மீட்டரைவிட உங்கள் விரலை நம்புகிறேன். கீழே மணல் எழும்பாமல் அவ்வளவு பெரிய வண்டியை இறக்கும் கை அது. நீங்கள் முன்பு கொண்டுவந்து காட்டிய படத்தில் நண்டு ஒன்று வண்டி இறங்கியது தெரியாமல் நின்றுகொண்டிருந்ததே, அதை நான் மறக்கவில்லை. என் வேலையில் கை கூசும்போதெல்லாம் அந்த நண்டை நினைத்துக்கொள்வேன்.

அப்புறம், இதையெல்லாம் நம் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்த்து நீதி எதுவும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அது உடனே தோன்றியது. வெட்கமாக இருந்தது.

கதவு விஷயம். நான் அறையில் இல்லை. அண்ணன் முன்னால் உங்களிடம் பேச வேண்டாம் என்று முன்னதாகவே இறங்கிப் போய்த் தெரு முனையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வழியாகத்தான் போவீர்கள் என்று நினைத்தேன். கையில் உங்கள் நெயில் பாலிஷ் குப்பி இருந்தது, மறந்துவிட்டுப் போகிறீர்களே, கொடுக்கலாம் என்று. வெயில் ஏறும் வரை நின்றேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் மட்டும் இருந்தான். "போயிட்டா" என்றான். பின் சந்தைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தனை மாதமும் நீங்கள் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

மூடிய கதவைப் போய்த் தட்டியிருக்கிறீர்கள். இது எனக்குப் போதும்.

பூதக்கண்ணாடி

*

மார்ச் 22

என் பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதம் வந்த படகு திரும்புவதற்குள் தகடுகளைக் கழற்றிவிட்டேன். உருளையை மெதுவாகச் சுற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முளையைத் தொட்டேன். வின்ச்காரர் கத்தினார், "என்னங்க, நாடி பாக்குறீங்களா?" "பேசாதீங்க" என்றேன். முதலில் என் விரலின் துடிப்பு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் அடங்கியது. கரகரப்பு இல்லை. தண்ணீரில் விரல் வைத்த மாதிரி இருந்தது. நீ அங்கே சுற்றிச் சுற்றித் தேடிய ஒரே அளவு, அது என் விரலுக்கு வந்தது. "உசிரு இருக்கு" என்று சொன்னேன். அவர் கைதட்டினார்.

சீஃப் வந்து பார்த்துவிட்டு, "ஆடுதே மேடம்!" என்றார்.

"ஆடட்டும் சார்."

"கடகடன்னு சத்தம் வேற வருது."

"சத்தம் வந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்னு செஞ்சவங்க சொல்லியிருக்காங்க."

நேற்று இறங்கினோம். கடைசிப் பகுதி. கேப்டன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், அது அவர் வழக்கமில்லை. பழைய ஜாயின்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தயாராக மேசைமேல் வைத்திருந்தார்கள், என் கண்ணில் படும்படி. வண்டி இறங்க இறங்க நான் திரையைப் பார்க்கவில்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வின்ச்காரர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் "மேல!" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் ஒருமுறைகூடப் பதிலுக்குக் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் சந்தேகமானது. "மேல?" என்றார். "மேல...?" அப்புறம் நிறுத்திவிட்டார்.

ஆறு திரையும் இமைக்கவில்லை.

பார்த்ததை உனக்கு எப்படிச் சொல்வது! ஒரே கேமராவில் பார்த்தபோது அது சாவித் துவாரம் வழியாக ஒரு வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. நேற்று நான் அந்த வீட்டுக்குள் நின்றேன். முன்னால் கேபிள் மணலில் நீண்டு போகிறது, அதன் முதுகெல்லாம் பூ மாதிரி ஏதேதோ உயிர்கள் ஒட்டி வளர்ந்திருக்கின்றன. இடது பக்கத் திரையில் பாறைச் சரிவு. வலது பக்கத்தில் ஒன்றுமில்லாத கருநீலம். பின்னால் பார்க்கும் கேமராவில் நாங்கள் கடந்து வந்த வழி, மணல் கலையாமல். ஓர் இடத்தில் கேபிளின் மேலுறை பாறையில் உரசிக் கிழிந்திருந்தது. முன் கேமராவில் அது தெரியவே இல்லை, பக்கத்துக் கேமராவில்தான் மாட்டியது. பழைய ஜாயின்டாக இருந்தால் தாண்டிப் போயிருப்போம். காற்றுக் காலத்தில் அந்த ஊர் முழுக்க இருட்டில் உட்கார்ந்திருக்கும். கேப்டன் என் தோளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அவ்வளவு வெளிச்சமும் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டித்தான் என்னிடம் வந்துகொண்டிருக்கிறது என்பது நடுவில் ஒரு கணம் உறைத்தது. உன் மேசையில் நீ பேசாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் எல்லாம் கடலடியில் எனக்கு முன்னால் திறந்து கிடந்தன. இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நீ என்ன செய்கிறாய் என்று நான் சரியாகக் கேட்டதே இல்லை. 'வந்துருச்சா' என்று கேட்டதோடு சரி.

கோளாறுக்குக் காரணம் மாட்டியவள் தகடு வைத்து இறுக்கியது என்று அறிக்கையில் என் பேரையே எழுதிக்கொடுத்துவிட்டேன். கேப்டன் படித்தார். "இரண்டாவது உருளைக்கும் ஒண்ணு சொல்லிருங்க" என்றார். என் பேச்சுக்கு மரியாதை போகவில்லை போலிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் சீஃப் மறுபடி ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும், மேடம்?"

"நாத்தனார்."

கப்பலில் எதுவும் ரகசியமில்லை. அவர் கரண்டியை வைத்துவிட்டு, "ஆனா நீங்கதான் இப்ப..." என்று இழுத்தார்.

"நான் பிரிஞ்சது அவ அண்ணனோட. அவளோட இல்ல" என்றேன். வின்ச்காரர் தட்டை நகர்த்திக்கொண்டே சின்னதாக, "மேல!" என்றார்.

இரண்டு கடிதமாக ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறாய். எனக்குக் காலி வரி பிடிக்கவில்லை.

உன் அண்ணி

*

ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணி,

எழுதிவிட்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறது.

இரண்டாவது ஜாயின்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது. இன்று காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறேன், அந்த ஒரே அளவு இன்னும் வரவில்லை. அதனால் யாரிடமும் பேசவில்லை. உங்களிடம் மட்டும்.

இந்த முறை வீட்டு முகவரிக்கு வந்த உங்கள் கடிதத்தை அண்ணன்தான் வாங்கி வைத்திருந்தான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான், பிரிக்கவில்லை. "யாரு?" என்றான், தெரிந்துகொண்டே.

"அண்ணி."

அந்தச் சொல் வீட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவன் திருத்தவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "படம் சரியா வருதாமா?" என்று கேட்டான்.

"ஆறும் வருதாம்."

"நல்லது" என்றான். நான் அதற்கு மேல் எதையும் இறுக்கவில்லை.

திருகாணிகளுக்குப் பொட்டு வைக்க வேண்டும். குப்பியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம், இந்த ஜாயின்டோடு தீர்ந்துவிடும். அன்று தெரு முனையில் கொடுக்க நின்றேன், வாங்காமல் போனீர்கள். தபாலில் அனுப்புவதாக இல்லை. கப்பல் கரைக்கு வரும்போது நேரில் வந்து காலிக் குப்பியை வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கமாட்டேன், சந்தில் நிற்கமாட்டேன். அறையில் இருப்பேன். கதவைத் தட்டுங்கள்.

பூதக்கண்ணாடி